இருபத்து நான்கு நார்மல்கள்

இரண்டு ஜாங்கிரி தின்றால் ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தான் வேண்டும். நோயாளிக்கு மட்டுமல்ல, கல்லைத் தின்றாலும் செரிக்கும் வாலிபனுக்கும் ஏறும். இரண்டு மணி நேரத்தில் இறங்கும். ஏறவே இல்லை என்றால் ஒன்று அவன் ஜாங்கிரியைத் தொடவில்லை, இல்லை யாரோ எண்களில் கைவைத்திருக்கிறார்கள். அந்த வியாழக்கிழமை காலை கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் மங்கையர்க்கரசிக்கு இரண்டாவதுதான் நடந்திருக்கிறது என்று பட்டது.

திரையில் இருபத்து நான்கு பேருடைய சர்க்கரைக் கோடுகள். எல்லோரும் ஆரோக்கியமானவர்கள். ஏழு வருஷத்துக் கணக்கு. முதல் மூன்று வருஷம் கோடுகள் மனிதர்களுடையவை போல இருந்தன: தீபாவளியில் குதித்தன, கல்யாண மாதங்களில் தள்ளாடின. அதற்கப்புறம் நான்கு வருஷமாக இருபத்து நான்கும் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் கிடந்தன. தை மாதம் சர்க்கரைப் பொங்கல் தின்றவர்கள் எல்லோருக்கும் தொண்ணூற்று மூன்று. மங்கை உயிர்வேதியியலில் பத்தொன்பது வருஷம் குப்பை கொட்டியவள். இவ்வளவு ஒழுக்கமான ரத்தத்தை அவள் பார்த்ததில்லை.

செங்கல்பட்டைத் தாண்டி, நெடுஞ்சாலையோரம் இருந்தது அவள் வேலை பார்த்த தீராநோய் ஆய்வு மையம். அங்கே உருவானதுதான் சமனி. தயிரில் இருக்கும் ஒரு சாது நுண்ணுயிரைப் பிடித்து, கொஞ்சம் மாற்றி, அதற்கு ஒரு வேலை கற்றுக்கொடுத்திருந்தார்கள்: குடலில் குடியிருந்துகொண்டு சர்க்கரை ஏறுவதைக் கவனித்து, இன்சுலின் செய்ய வேண்டியதைத் தானே செய்வது. ஆயுளுக்கு ஒரே ஒரு மாத்திரை. ஊசி இல்லை, பத்தியம் இல்லை. பன்னிரண்டாயிரம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தாயிற்று. திங்கட்கிழமை முதல் மாநிலம் முழுக்க ரேஷன் கடைகளில் கொடுக்கப்போகிறார்கள். அதற்கு முன் அரசாங்கக் கமிட்டிக்குப் பாதுகாப்பு அறிக்கை ஒன்று போக வேண்டும். அதை எழுதுவது மங்கை. இயக்குநர் சபேசன் அவளுக்கு வாக்கே கொடுத்திருந்தார்: "இந்தத் தடவை உன் பேர்தாம்மா முதல்ல." பத்தொன்பது வருஷமாக நான்காவது பேராகவும் ஆறாவது பேராகவும் அச்சில் வந்து அலுத்துப்போனவளுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

அறிக்கையின் உயிர் அந்த இருபத்து நான்கு பேரிடம் இருந்தது. சமனி சாப்பிட்டவர்களையும் சாப்பிடாத ஆரோக்கியமானவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மருந்து என்ன செய்கிறது, என்ன கெடுக்கிறது என்று தெரியும். இந்த ஆரோக்கியமானவர்களுக்கு அங்கே பெயர் 'நார்மல்'. இதே தண்ணீர் குடித்து, இதே வெயிலில் காய்ந்து, ஏழு வருஷம் தவறாமல் கை நீட்டும் ஆரோக்கியசாலியை வெளியே எங்கே போய்த் தேடுவது? மூன்று மாதத்துக்கு ஒரு தடவை விஞ்ஞானிகளும் ஆராய்ச்சி மாணவர்களும் அலுவலகத்துக்காரர்களும் சட்டைக்கையைச் சுருட்டினார்கள். மங்கை ஏழாம் நம்பர். ஒவ்வொரு தடவையும் சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டுக் கை நீட்டுவாள். மற்றபடி தன் எண்களை அவள் தனியாகப் பார்த்ததே கிடையாது. சராசரியைத்தான் பார்ப்பாள்.

யார் கைவைத்திருப்பார்கள்? நர்ஸ் எடுக்கும் ரத்தம் ராயனிடம் போகும். காத்தவராயன், பதினைந்து வருஷமாக ஒப்பந்தத்தில் இருப்பவர். கண்ணாடிக் குழாய்களையும் சிறுநீர் பாட்டில்களையும் கழுவுவார், ரத்தக் குழாய்களுக்குச் சீட்டு ஒட்டி உறைபெட்டியில் வைப்பார், சாவியும் அவரிடம் ஒன்று இருக்கும். சோம்பேறித்தனப்பட்டு ஒருவர் ரத்தத்தையே இருபத்து நான்கு குழாயிலும் ஊற்றிவிட்டாரோ? இல்லை யாராவது ஊற்றச் சொன்னார்களோ? மங்கையின் புத்தி நேராக அவரிடம் போய் நின்றது. அந்தக் கட்டடத்தில் சாவி வைத்திருந்தவர்கள் நான்கு பேர் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் முதலில் அவரிடம்தான் போனது.

பத்து மணிக்கு செக்யூரிட்டியைக் கூட்டிக்கொண்டு கழுவும் அறைக்குப் போனாள்.

"ராயன், உங்க லாக்கரைக் கொஞ்சம் திறங்க."

ராயன் கையுறையைக் கழற்றினார். ஐம்பத்தைந்து வயசு, ஒல்லி, நரைத்த மீசை. "எதுக்கு மேடம்?"

"சும்மா ஒரு செக்கிங்."

"சும்மா செக்கிங்குக்கு செக்யூரிட்டி எதுக்கு மேடம்?" என்றார். கேட்டுக்கொண்டே திறந்தும் விட்டார்.

உள்ளே ஒரு மாற்றுச் சட்டை, டிபன் பாக்ஸ், ஒரு எவர்சில்வர் டம்ளர், ஏழு நோட்டுப் புத்தகங்கள். மங்கை நோட்டுகளைத்தான் பிடுங்காத குறையாக எடுத்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் நீல மையில் தேதி, மணி, குழாய் நம்பர், எந்தப் பெட்டி, எந்தத் தட்டு. நார்மல்கள், நோயாளிகள், வருஷா வருஷம் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு நடக்கும் உடல் பரிசோதனைக் குழாய்கள் வரை எல்லாம் இருந்தன. கணினிப் பதிவோடு இருபது குழாய்களை ஒப்பிட்டாள். இரண்டு இடத்தில் கணினிதான் தப்பாக இருந்தது.

"இதை ஏன் தனியா எழுதறீங்க?"

"கம்ப்யூட்டர்ல எனக்குப் பாஸ்வேர்டு குடுக்கல மேடம். நாளைக்கு ஒண்ணு காணாப்போச்சுன்னா என்னதான கேப்பாங்க? அதான் எழுதி வெச்சிக்கிட்டேன். இன்னைக்கு வந்துட்டீங்க பாத்தீங்களா."

மங்கைக்கு முகம் சுட்டது. "ஸாரி ராயன்" என்றாள். செக்யூரிட்டிக்காரன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மத்தியானம் சாப்பாட்டு வேளை. அந்த மையத்தில் விஞ்ஞானிகள், மாணவர்கள், அலுவலகத்துக்காரர்கள் எல்லோரும் ஒரு நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, டிபன் பாக்ஸ்களைத் திறந்து நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடுவது வழக்கம். வெளியூரிலிருந்து வருகிறவர்களிடம் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். எங்கள் மேஜையில் டைரக்டரும் ஒன்றுதான், முதல் வருஷ மாணவனும் ஒன்றுதான் என்பார்கள். மங்கை கழுவும் அறை வாசலில் நின்று, "ராயன், எங்க கூட வந்து சாப்பிடுங்களேன்" என்று கூப்பிட்டாள். மேஜையில் பேச்சு கொஞ்சம் அடங்கியது. "நான் லிஃப்ட் பக்கத்துல உக்காந்துக்கறேன் மேடம், காத்து வரும்" என்று அவர் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. மறைப்பானேன், அப்படித்தான் இருந்தது.

"சீக்கிரம் வாடி, சார் வீட்டுத் தயிர் தீந்துடப்போவுது" என்று நஸ்ரின் இடம் போட்டுக் கூப்பிட்டாள். நஸ்ரின் அவளோடு வேலை பார்க்கும் உயிர்வேதியியலாளர், பதினாறு வருஷத் தோழி. சபேசன் வீட்டுத் தயிர் அந்த மேஜையில் பிரசித்தம். கத்தியால் வெட்டலாம் போலிருக்கும், புளிக்காது. முக்கால்வாசிப் பேர் அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்துப்போய் வீட்டில் பாலுக்கு உறை ஊற்றிக்கொண்டவர்கள். மங்கை வீட்டிலும் நான்கு வருஷமாக அந்த உறைதான்.

ராயன் இல்லை என்றால் சபேசன் என்று அவள் மனம் அடுத்த ஆளைப் பிடித்தது. தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே மேஜையின் அந்தக் கோடியில் சிரித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்தாள். எழுபது வயசுக்குப் பல் வரிசை ரொம்ப ஒழுங்காக இருப்பதுபோல் பட்டது. சந்தேகம் வந்துவிட்டால் பல்கூட சாட்சி சொல்லும்.

வெள்ளிக்கிழமை நஸ்ரினைத் தனியாக அழைத்துப் போய்க் கதவைத் தாழிட்டாள். ஒரு பெட்டி ஜாங்கிரி வாங்கி வந்திருந்தாள்.

"ரெண்டு நான் திங்கறேன். ரெண்டு நீ தின்னு. அரை மணிக்கு ஒரு தடவை ரத்தம் பாப்போம். யார் கையும் படாம, நாமளே."

"சாரைச் சந்தேகப்படறியா?"

"எல்லாரையும்தான்."

அரை மணி கழித்து மங்கைக்குத் தொண்ணூற்று இரண்டு. ஒரு மணியில் தொண்ணூற்று நான்கு. நஸ்ரினுக்குத் தொண்ணூற்று ஒன்று, தொண்ணூற்று மூன்று. வேறு இயந்திரத்தில் பார்த்தார்கள். அதே எண்கள். அப்படியானால் எண்களில் யாரும் கைவைக்கவில்லை. கைவைத்திருப்பது ரத்தத்தில்.

நஸ்ரின் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "உண்மையச் சொல்லு மங்கை. நீ எனக்குத் தெரியாம மாத்திரை போட்டுக்கிட்டியா?"

"எனக்கென்ன சுகரா? நீ?"

"என் புள்ள மேல சத்தியமா இல்ல."

பதினாறு வருஷத்துத் தோழிகள் ஒருவரை ஒருவர் பார்த்த பார்வை நன்றாக இல்லை. கடைசியில் இருவருமே எழுந்து போய் மலம் எடுத்து வந்து சோதித்தார்கள். இருவர் வயிற்றிலும் சமனி குடும்பம் குடித்தனமாக இருந்தது.

"வெளிய வந்தா காத்துப் பட்டுச் செத்துடும்னுதானே எழுதியிருக்கோம்?" என்றாள் நஸ்ரின். "ஒருத்தர்கிட்டேர்ந்து ஒருத்தருக்கு ஒட்டவே ஒட்டாதுன்னு நீதான் எழுதின."

"எழுதினேன். காத்துல வெச்சுப் பாத்தேன், தண்ணியில, சோத்துல, கைப்பிடியில எல்லாம் வெச்சுப் பாத்தேன். ஒரு மணி நேரத்துல செத்துடுச்சு."

"தயிர்ல வெச்சுப் பாத்தியா?"

தயிரிலிருந்து பிடித்து வந்த உயிரைத் திரும்பத் தயிரில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று உலகத்துப் பத்திரிகைகளை எல்லாம் கரைத்துக் குடித்தவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தினம் மத்தியானம் அதைப் பிசைந்து தின்றுகொண்டே தோன்றாமல் இருந்திருக்கிறது. சபேசன் சர்க்கரை நோயாளி. முதல் மாத்திரையைத் தானே விழுங்கிக் காட்டியவர். அவர் வீட்டில் பாலுக்கு உறை ஊற்றுவது அவர்தான் என்று அவர் மனைவி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அந்தக் கை வழியாகத்தான் தயிருக்குள் போயிருக்க வேண்டும். மேஜைப் பாத்திரத்தில் ஒட்டியிருந்த தயிரை வழித்துச் சோதித்தார்கள். ஒரு சொட்டில் லட்சக்கணக்கில் இருந்தது.

"என் வீட்ல எல்லாருக்கும் இருக்கும்" என்றாள் மங்கை. மகள் ஆதிரைக்குப் பன்னிரண்டு வயசு. தயிர் இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது.

"இருந்தா என்னடி? சர்க்கரை ஏறாது, நல்லதுதானே?"

"கிரியாட்டினின் நஸ்ரின். நாம என்ன எழுதியிருக்கோம்?"

அதுதான் விஷயம். சமனி சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் கிரியாட்டினின் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தது. சிறுநீரகம் களைத்துவருகிறது என்பதற்கு அது அடையாளம். ஆனால் நார்மல்களுக்கும் அதே அளவு ஏறியதால், இது சமனியின் வேலை இல்லை, இந்த ஊர் வெயிலும் தண்ணீரும் செய்வது என்று அறிக்கையில் ஒரு பத்தியில் முடித்துவிட்டார்கள். இப்போது நார்மல் என்று ஒருவர்கூட இல்லை. பன்னிரண்டாயிரம் பேரை அளந்த அளவுகோலும் சேர்ந்தே வளைந்திருக்கிறது. சமனி கழித்துவிடும் ஒரு அமிலத்தைச் சிறுநீரகம் ஓயாமல் இறைத்துக்கொண்டிருக்கிறது. நாற்பது வயசுக்காரருக்கு அது எத்தனை வருஷம் தாங்கும், பன்னிரண்டு வயசுப் பெண்ணுக்கு எத்தனை வருஷம் என்று மங்கை கணக்குப் போடத் தொடங்கி, பாதியில் பேனாவை வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை சபேசன் அறையில் நின்றாள். அவர் எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்களுக்கு எத்தனை நாளா தெரியும் சார்?"

"தயிர் விஷயம் நீ சொல்லித்தான் தெரியும். கோடு தட்டையா இருக்கறது ரெண்டு வருஷமாத் தெரியும். நல்லா இருக்கறதை எதுக்குக் கிளறணும்னு விட்டுட்டேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. முதல் பேர் குடுத்தது பத்தலையா? மாத்திரையக் கவுத்துட்டு என் நாற்காலியில உக்காரலாம்னு யாராவது சொன்னாங்களா?" என்றார்.

"என் பொண்ணு வயித்துல இருக்கு சார்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எங்க அம்மாவுக்கு முதல்ல விரலை எடுத்தாங்க. அப்புறம் பாதத்தை எடுத்தாங்க. அப்புறம் முட்டி வரைக்கும். நான் அப்ப காலேஜ். அந்தப் புண்ணோட நாத்தம் இன்னும் என் மூக்குல இருக்கும்மா. திங்கட்கிழமை மாத்திரை போகலேன்னா இந்த வருஷம் மட்டும் எத்தனை காலு போகும் தெரியுமா? உன் பயத்துக்காக அதை நிறுத்தச் சொல்றியா?"

"பயம் இல்ல சார். கிரியாட்டினின்."

"வெயில்னால ஏறுதுன்னு நான் சொல்றேன். இல்லேன்னு நீ எதை வெச்சுச் சொல்லுவ? சென்னையிலேர்ந்து நாளைக்கே ஆள் புடிச்சுட்டு வருவே. வேற தண்ணி, வேற வெயில், ஏழு வருஷத்துப் பழைய ரத்தம் கிடையாது. கமிட்டியில சிரிப்பாங்க. இதே கட்டடத்துல, இதே தண்ணியைக் குடிச்சு, சமனி படாம ஏழு வருஷம் இருந்த ஒரு ஆளைக் காட்டு. ஒருத்தரைக் காட்டினாலும் நிறுத்தறேன்."

"திங்கட்கிழமைக்கு அப்புறம் காட்டவே முடியாது சார். ரேஷன் கடையில குடுத்துட்டா எல்லா வீட்டுத் தயிர்லயும் இருக்கும். யாரை யாரோட ஒப்பிட்டுப் பாப்பீங்க?"

"அப்ப ஞாயித்துக்கிழமைக்குள்ள காட்டு."

அவள் வெளியே வந்து மேஜையைப் பார்த்தாள். இந்தக் கட்டடத்தில் இருந்துகொண்டு அந்தத் தயிரைத் தொடாதவர் யார்? ஒப்பந்தத் தொழிலாளர்கள் மேஜைக்கு வருவதில்லை. ஆனால் கான்ட்ராக்டர் வருஷத்துக்கு ஒரு தடவை ஆட்களை மாற்றிவிடுவார். ஏழு வருஷம் மாறாமல் இருந்தது ஒரே ஒருவர். வெட்கமில்லாமல் அவருடைய நீல மை நோட்டுகளையே புரட்டினாள். எந்தப் பெட்டி, எந்தத் தட்டு எல்லாம் இருந்தது. உடல் பரிசோதனைக்கு என்று எடுத்து யாரும் சோதிக்காமலே உறையவிட்ட ஏழு குழாய்கள், ஏழு வருஷத்துக்கு ஏழு.

கேட்காமல் தொடக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்த விதியை மாணவர்களுக்குப் பாடமே எடுத்தவள் அவள். நாள் இல்லை என்று சொல்லிக்கொண்டு ஏழு குழாய்களையும் எடுத்து உருக்கினாள். சாயங்காலம் நான்கு மணிக்கு எண்கள் வந்தன. ஏழிலும் சமனியின் அமிலம் ஒரு துளியும் இல்லை. கிரியாட்டினின் முதல் வருஷம் 0.9. ஏழாம் வருஷமும் 0.9. நாள் முழுக்க நீராவி அடிக்கும் கழுவும் அறையில் நின்று, இதே கேன் தண்ணீரைக் குடித்த மனிதர். மங்கை அந்த இயந்திரத்தின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு கொஞ்சம் அழுதாள். ஒரு ஆள் போதாது, மருந்தைக் குற்றவாளி என்று சொல்ல முடியாது; ஆனால் நிறுத்தி வைக்கப் போதும்.

அன்றே அறிக்கையைத் திருத்தி எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை காலை அதையும் ஒப்புதல் படிவத்தையும் எடுத்துக்கொண்டு ஊரப்பாக்கத்தில் ராயன் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

ராயன் பனியனோடு வந்து, அவளைப் பார்த்துச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். "மறுபடியும் செக்கிங்கா மேடம்?"

"இல்லீங்க. உதவி கேட்டு வந்திருக்கேன்."

அவர் மனைவி அம்சா டீ கொண்டுவந்து நீட்டினாள். மங்கை கையை நீட்டப்போய் இழுத்துக்கொண்டாள். "வேணாங்க."

அம்சா டம்ளரைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். அம்சாவின் முகம் மாறியதை மங்கை பார்த்துவிட்டாள். "ஐயோ, அப்படி இல்லீங்க" என்று எழுந்தே நின்றுவிட்டாள். "என்கிட்டதான் தொத்து இருக்கு. உங்க பாத்திரத்துல நான் வாய் வெக்கக் கூடாது. டம்ளரால ஒட்டாதுன்னுதான் நெனைக்கிறேன். ஆனா நான் நெனைச்சது எல்லாம் தப்பாத்தான் போயிட்டு இருக்கு."

"அடி ஆத்தீ" என்று அம்சா வாயில் கைவைத்தாள். அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப பேப்பர் கப்புல குடுக்கட்டா?"

பேப்பர் கப்பில் டீ குடித்துக்கொண்டே மங்கை எல்லாவற்றையும் சொன்னாள். கேட்காமல் குழாயை எடுத்ததையும் சொன்னாள்.

"அப்ப உங்க எல்லாருக்கும் கிட்னி போயிடுமா?"

"இப்பவே நிறுத்தினா பொழைச்சுக்கலாம். சமனியைக் கொல்ல மருந்து இருக்கு. போடறதுக்கு முன்னாடி கமிட்டி ஒத்துக்கணும். அதுக்கு உங்க கையெழுத்து வேணும்."

"உங்க பொண்ணு சின்னதாச்சே?"

"ஆமாங்க."

"குடுங்க." அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாளை வெளிச்சத்துக்குத் திருப்பி, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். கமிட்டிக்காகத் தமிழில் எழுதிய சுருக்கம் அது. மூன்றாவது பத்தியில் விரல் நின்றது.

"'இப்பணியாளர் தனியாக உண்ணும் பழக்கம் உடையவர். ஆகவே இவருக்குத் தொற்று ஏற்படவில்லை.' இது யாரு எழுதினது மேடம்?"

"நான்தான்."

"எனக்கு அந்தப் பழக்கம் இல்லீங்களே."

அம்சா முந்திக்கொண்டாள். "இவரா தனியா திங்கறவரு? கல்யாண வீடுன்னா பந்தியில தெரியாதவனையெல்லாம் இழுத்து வெச்சுக் கதை பேசுவாரு. வீட்லகூட நான் உக்காராம ஒரு வாய் வெக்க மாட்டாரு."

"வேலைக்குச் சேந்த மொத நாளு," என்றார் ராயன், "நான் பாக்ஸை எடுத்துக்கிட்டு டேபிளுக்குத்தான் வந்தேன். எல்லாரும் சேந்து சாப்புடறாங்களே, நல்ல எடமா இருக்குதேன்னு. ஒருத்தர் சொன்னாங்க, நீங்க யூரின் பாட்டில் கழுவறவரு, இன்ஃபெக்‌ஷன் ஆயிடும், அந்தப் பக்கம் உக்காந்துக்குங்கன்னு. இன்ஃபெக்‌ஷன்னா சரிதான், படிச்சவங்க சொல்றாங்கன்னு போயிட்டேன். அப்புறம் பாத்தா, அதே பாட்டில்ல யூரின் புடிச்சு டெஸ்ட் பண்ற புள்ளைங்க எல்லாம் டேபிள்லதான் உக்காந்திருந்துச்சுங்க."

மங்கைக்கு அந்த நாள் நினைவில் இல்லை. தேடிப் பார்த்தாள். "நானா சொன்னேன்?"

"நீங்க ஒண்ணும் சொல்லல மேடம். உங்க பாக்ஸை மூடி வெச்சுக்கிட்டீங்க."

வெளியே யாரோ வண்டியைக் கிளப்பினார்கள். அந்தச் சத்தம் தேயும் வரை அவளால் தலையைத் தூக்க முடியவில்லை. அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள்.

"ரத்தத்தை எடுத்துக்குங்க," என்றார் ராயன். "கையெழுத்தும் போடறேன். ஆனா இல்லாத பழக்கத்த என் பேர்ல எழுதாதீங்க. எது நடந்துச்சோ அதை எழுதுங்க."

அவள் பேனாவை எடுத்து அந்த இரண்டு வரிகளையும் அடித்தாள். பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ அறிக்கை எழுதியவளுக்கு அடுத்த வரி வர அரை மணி நேரம் ஆனது. எழுதியதை ராயனே உரக்கப் படித்தார். 'இம்மையத்தின் விஞ்ஞானிகள் பகிர்ந்துண்ணும் மேஜைக்கு வந்த இப்பணியாளரை முதல் நாளே திருப்பி அனுப்பினோம். அதன்பின் பதினைந்து ஆண்டுகள் அழைக்கவில்லை. இவருக்குத் தொற்று ஏற்படாததற்கு வேறு காரணம் எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை.' படித்துவிட்டு அம்சாவைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். கையெழுத்துப் போட்டார்.

பன்னிரண்டு மணிக்கு அறிக்கையை சபேசனுக்கும் இருபத்து மூன்று பேருக்கும் அனுப்பினாள். ஆசிரியர்கள் என்ற இடத்தில் எல்லோர் பெயரும் இருந்தது. முதலில் அவள் பெயர். எல்லோருடைய சிறுநீரகமும் என்ன நிலையில் இருக்கிறது என்று பெயர் வாரியாக ஒரு பட்டியலும், வீட்டுத் தயிரை உடனே கொட்டிவிடுங்கள் என்று ஒரு குறிப்பும் சேர்த்திருந்தாள்.

சபேசன் ஒரு மணிக்குக் கூப்பிட்டார். குரல் தளர்ந்திருந்தது.

"பாத்தேம்மா. சரியாத்தான் இருக்கு. நான் சுகாதாரச் செயலாளர்கிட்ட பேசிட்டேன். நாளைக்கு மாத்திரை போகாது."

"தேங்க்ஸ் சார்."

"மூணாவது பத்தி மட்டும்... அது தேவையா?"

"அவருக்கு மட்டும் ஏன் ஒட்டலேன்னுதான் கமிட்டி முதல்ல கேக்கும் சார். அந்தப் பத்தி இல்லேன்னா மத்தது எதுவும் நிக்காது."

"அது சரி." பிறகு அவரே கேட்டார்: "அன்னைக்கு அப்படிச் சொன்னது யாருன்னு ராயன் ஏதாவது சொன்னாரா?"

"சொல்லல சார்."

"ஓ. சரி, சரி" என்று வைத்துவிட்டார்.

அவர்தானா? மங்கைக்கு ஒரு நிமிஷம் நிச்சயமாகவே தெரிந்துவிட்டது போலிருந்தது. ஆனால் இரண்டரை மணிக்கு கணக்குப் பிரிவு அதிகாரி கூப்பிட்டு அதையே கேட்டார். மூன்று மணிக்கு நுண்ணுயிர்ப் பிரிவுக்காரர். அவரை அடுத்து, இப்போது வேறு ஊரில் பேராசிரியராக இருக்கும் பழைய மாணவன், யாரோ அறிக்கையை அனுப்பிவைத்துப் படித்துவிட்டு, "மேடம், நான் அந்த வருஷம்தான் சேர்ந்தேன், எனக்குச் சரியா ஞாபகம் இல்ல" என்று இழுத்தான். ஆறு மணிக்கு நஸ்ரின் கூப்பிட்டாள். பட்டியலில் அவள் சிறுநீரகம்தான் எல்லோரையும்விட மோசமாக இருந்தது. அதைப் பற்றிப் பேசத்தான் போகிறாள் என்று மங்கை ஆறுதல் வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தாள்.

"மங்கை," என்றாள் நஸ்ரின். அழுகிறாள் என்று தெரிந்தது.

"சொல்லுடி."

"நானாடி சொன்னேன்? அவர் ஏதாவது சொன்னாரா?"

"சொல்லல" என்றாள் மங்கை.

இரவு சாப்பாட்டுக்குள் பதினோரு பேர் கூப்பிட்டுவிட்டார்கள். பதினோரு பேரும் அதையேதான் கேட்டார்கள். சிறுநீரகத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.